வெள்ளைப்பூண்டு

கடைசியாக அவளை நான் உயிரோடு பார்த்தபோது, வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்தேன் என்றும் சொல்ல முடியாது தாயி. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீக்கடையில் நின்றேன். கடையில் வடை போட்டு வைக்கிற கண்ணாடிப் பெட்டி இருக்குமில்லையா, அந்தக் கண்ணாடியில்தான் தெரிந்தாள். சாத்தூர் பஸ் ஸ்டாண்டு. சிமெண்டு பெஞ்சு. மடியில் ஒயர்க் கூடை. இடது கை கூடையைப் பிடித்திருந்தது. வலது கை வாயில்.

இதை எழுதாதே. நீ கேட்டதற்கு இது பதில் இல்லை. நீ என்ன கேட்டாய்? 'வைத்த பொருளை வைத்த இடம் மறந்து போகிறதா?' எனக்கா? எனக்கு எதுவும் மறக்காது. 'இல்லை' என்று போடு.

நான் சொல்லக் கூடாதா? கூட இருக்கிறவர்தான் சொல்ல வேண்டுமா? அதுவும் சரிதான். மறக்கிறவனிடமே போய் மறக்கிறதா என்று கேட்டால் அவன் என்ன சொல்வான். ஆனால் இந்த வீட்டில் கூட இருக்கிறவர் என்று யாரும் இல்லை. நீ மறதியைப் பற்றிக் கேட்டதும்தான் அந்தப் பெஞ்சு கண்ணுக்கு வந்தது. உட்கார் தாயி. அந்த நாற்காலி கால் ஆடும், இதில் உட்கார். வெயிலில் வந்திருக்கிறாய்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ ஆஸ்பத்திரியிலிருந்து இந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் கூட இருக்கிறவன் நான்தான். பத்துக் கேள்விக்கும் நான்தான் பதில் சொல்லியிருப்பேன். பத்துக்கும் 'இல்லை' என்று சொல்லி, உன்னை மோர் குடிக்க வைத்து அனுப்பியிருப்பேன். 'என் சம்சாரத்துக்கு நோய் ஒன்றும் இல்லை, வயசாக ஆகத் திமிர் கூடியிருக்கிறது, அதற்கு உன் தாளில் கட்டம் இருக்கிறதா?' என்று கேட்டாலும் கேட்டிருப்பேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

மின்வாரியத்தில் முப்பத்தாறு வருஷம் இருந்தேன். எட்டாம் வகுப்புதான் படிப்பு. மிச்சமெல்லாம் கம்பத்தில் ஏறிப் படித்தது. லைன் இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனேன். தெருமுனையில் நின்று ஒரு வீட்டு பல்பு மினுக்குவதைப் பார்த்தால் போதும், எந்தக் கம்பத்தில் லூஸ் காண்டாக்ட் என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்வேன். உன் தெருவில் ஏதாவது மினுக்கினால் வந்து சொல்லு.

என் பேர் உன் பட்டியலிலேயே இருக்கிறது. வெள்ளைச்சாமி. எங்கள் காலத்தில் புருஷன் பேரைப் பொம்பளை சொல்ல மாட்டாள். உனக்குச் சிரிப்பாக இருக்கும். நீ உன் வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவாய்? பேர் சொல்லியா? நல்லது. அவர் கோபப்படுவதில்லையே? நல்லது, நல்லது.

என் வீட்டில் அவள் ஒரு படி மேலே. பேரை மட்டுமில்லை, பேரில் இருக்கிற 'வெள்ளை'யையும் சொல்ல மாட்டாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்றால் 'சுண்ணாம்பு அடிக்கணும்' என்பாள். வெள்ளை வேட்டி 'சலவை வேட்டி'. வெள்ளாடு ஒன்று வைத்திருந்தோம், அது கடைசி வரைக்கும் வெறும் 'ஆடு'. கல்யாணமான புதிதில் வெள்ளரிப் பிஞ்சையும் சேர்த்து விட்டுவிட்டாள். வெள்ளரிக்குப் பேர்போன சாத்தூரில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது? என் அம்மாதான், "அடியே, அது வேற வெள்ளுடி, சொல்லித் தொலை" என்று அதற்கு மட்டும் விடுதலை கொடுத்தாள்.

பலசரக்குக் கடையில் 'பூண்டு' என்றுதான் கேட்பாள். கடைக்காரர் செல்லையா வேண்டுமென்றே, "என்ன பூண்டு தங்கச்சி? கறுப்பா, செவப்பா?" என்பார். "ரசத்துல போடுற பூண்டுண்ணே" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வாள். கடையே சிரிக்கும். நாற்பத்தோரு வருஷம் அந்தச் சிரிப்பு நடந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். பொய் சொல்லக் கூடாது.

நான் அவளை எப்படிக் கூப்பிடுவேனா? 'இந்தா.' எங்கள் தெருவில் எல்லா ஆம்பளைகளும் அப்படித்தான். 'இந்தா, தண்ணி கொண்டா.' 'இந்தா, கதவைச் சாத்து.' அதில் ஒரு குறையும் இல்லை. அவளும் குறை சொன்னதில்லை.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் விருதுநகரில் ஒரு எவர்சில்வர் சொம்பு வாங்கினோம். பேர் வெட்டுகிறவர், "யார் பேரும்மா போடணும்?" என்று அவளைக் கேட்டிருக்கிறார். நான் வாசலில் பீடி குடித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் என்னைக் கூப்பிடக் கூடாதா? கூப்பிடவில்லை. கடைச் சுவரைக் காட்டினாளாம். சுவர் வெள்ளை. அப்புறம் சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைக் காட்டினாளாம். அந்த ஆளுக்கு விளங்கவில்லை. "சுவர்முருகனா? அப்படியும் ஒரு பேராம்மா?" என்றிருக்கிறார். நான் உள்ளே போனபோது இவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், அவர் உளியைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறார். நான் சொல்லித்தான் வெட்டினார். 'வெள்ளைச்சாமி, மின்வாரியம், சாத்தூர்.' அந்தச் சொம்பை அவள் வேறு யாரையும் விளக்க விட்டதில்லை.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்டவள் ஒரு நாள், சித்திரை மாதம், மத்தியானம், நானும் பக்கத்தில் நிற்கும்போது செல்லையா கடையில் என்ன கேட்டாள் தெரியுமா?

"அண்ணே, வெள்ளைப்பூண்டு கால் கிலோ."

செல்லையா தராசைக் கீழே வைத்துவிட்டார். என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளே, தங்கச்சிக்கு விடுதலை கொடுத்துட்டீரா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியில் கேட்டேன், "என்ன, இன்னைக்கு வாய் நீளுது?"

"என்ன சொன்னேன்?" என்றாள்.

நிஜமாகவே கேட்டாள். நான் நடிப்பு என்று நினைத்தேன். மறுநாளும் போய்க் கால் கிலோ வாங்கி வந்தாள். அதற்கு மறுநாளும். டப்பா மூன்று நிறைந்துவிட்டது. "ஊறுகாய் போடப் போறியா?" என்றேன். "ஆமா" என்றாள். போடவில்லை.

ஆடி மாதத்தில் என் பேரையே சொல்ல ஆரம்பித்தாள்.

முதல் தடவை நன்றாக ஞாபகம் இருக்கிறது. தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம். நாலு வீட்டுப் பொம்பளைகள் குடத்தோடு நிற்கிறார்கள். வாசலில் நின்று, "வெள்ளைச்சாமி, சாப்பிட வா" என்றாள். 'வாங்க' என்றுகூட இல்லை. 'வா.' என் அம்மா கூப்பிடுகிற மாதிரி. குழாயடியில் குடம் நிரம்பி வழிகிறது, எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

உன் தாளில் இருக்கிறதெல்லாம் அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது தாயி. குழம்பில் இரண்டு தடவை உப்பு விழும். பக்கத்து வீட்டுப் பூட்டில் நம் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நிற்பாள். ஒன்றைக் கேட்டு, பதில் வாங்கி, அந்தப் பதிலை வைத்துக்கொண்டே மறுபடி அதையே கேட்பாள். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். வேணுமென்றே பண்ணுகிறாள். கவனம் இல்லை. டி.வி. பார்த்துக் கெட்டுப்போனாள்.

என் மகள் தமயந்தியைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அவள் போனில் சொன்னாள், "அப்பா, அம்மாவுக்கு என்னமோ ஆகுது. என்னையே யாரு பேசுறதுன்னு கேக்குறாங்க."

"லைன் சரியில்லம்மா" என்றேன்.

"லைன் நல்லாத்தான்ப்பா இருக்கு."

"லைனைப் பத்தி எனக்குச் சொல்லித் தராதே" என்று வைத்துவிட்டேன்.

ஒரு நாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். வந்து எதிரே நின்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள், வேற்று ஆளுக்கு முன்னால் நிற்கிற மாதிரி. "எங்க வீட்டுக்காரர் டூட்டி முடிஞ்சு வர்ற நேரம். அவரு வந்தா சத்தம் போடுவாரு. நீங்க கிளம்புங்க" என்றாள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ரிட்டயர் ஆனவனைக் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். டூட்டிக்குப் போன வரைக்கும் நான் வீட்டுக்காரர், இப்போது வெறுமனே உட்கார்ந்திருக்கிற ஆள். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எழுந்துபோய் அவள் முகத்துக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னேன், "இனிமே என் பேரு உன் வாயில வரக் கூடாது. வந்துச்சு, நடக்கிறதே வேற."

அன்றையிலிருந்து அவளோடு பேசவில்லை. நாற்பது நாள்.

அடித்தேன் என்று நினைத்துவிடாதே. கை ஓங்கியதே இல்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேள். தண்ணி கிடையாது. வெளியே ஒரு சகவாசம் கிடையாது. பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். பேசாமல் இருப்பது ஒரு தண்டனையா? என் அப்பா என் அம்மாவோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறார்.

அந்த நாற்பது நாளில் அவள் நான் இருக்கிற அறை வாசலில் வந்து வந்து நிற்பாள். பார்ப்பாள். போய்விடுவாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள், "இந்த வீட்டுல ஒருத்தரு இருக்காரு. நல்ல மனுஷன்தான். பேச்சு வராது, பாவம்." அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னாள். எனக்கு இன்னும் கோபம் கூடியது. ஊமை என்கிறாள் பார், என்னைப் போய். இப்போது நினைத்தால், நாற்பத்தோரு வருஷத்தில் என்னைப் பார்த்து அவள் பரிதாபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

கார்த்திகையில் தமயந்தி விடாப்பிடியாக நின்றாள். கோவில்பட்டியில் நரம்பு டாக்டர் ஒருவர் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறார், பேர் எழுதி வைத்துவிட்டேன், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். "உங்களுக்கு நம்பிக்கை இல்லாட்டியும் எனக்காக வாங்கப்பா." சரி என்று கிளம்பினேன். பார்த்துக்கொள், டாக்டரிடம்தான் கிளம்பினோம். நான் கூட்டிப் போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒயர்க் கூடையில் அவள் என்ன எடுத்து வைத்தாள் தெரியுமா? ஒரு துண்டு, ஒரு பிடி பூண்டு, அந்தச் சொம்பு. "பாட்டில்ல தண்ணி இருக்கு, சொம்பு எதுக்கு?" என்று கேட்க நினைத்தேன். பேச்சு வார்த்தைதான் இல்லையே. கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். அங்கே காளிராஜ் நிற்கிறான். என்னிடம் ஹெல்பராக இருந்தவன். கம்பத்தில் ஏறக் கால் நடுங்கும், நான்தான் கீழே நின்று திட்டித் திட்டி ஏற்றிவிட்டேன். இப்போது ஃபோர்மேன். கூட நாலைந்து பேர், எல்லாம் புதுப் பையன்கள், வாரியத்து ஆட்கள். "இவருதாம்ப்பா நம்ம லைன் இன்ஸ்பெக்டர். இவரு பேரைச் சொன்னாலே டிரான்ஸ்பார்மர் நடுங்கும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷம் கழித்து ஒருத்தன் நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் இருக்காது.

அப்போது பெஞ்சிலிருந்து சத்தம் வருகிறது. "வெள்ளைச்சாமீ! ஏ வெள்ளைச்சாமீ!"

பஸ் ஸ்டாண்டே கேட்டிருக்கும். காளிராஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னண்ணே, மதினி பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க! நாங்களே கூப்பிட்டதில்லையே!" பையன்கள் சிரித்தார்கள். ஒருத்தன், "டிரான்ஸ்பார்மர் அங்கே இருக்குண்ணே" என்றான்.

நான் நடந்து போனேன். ஓடவில்லை. நிதானமாக நடந்து போனேன், பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமில்லாத மாதிரி. குனிந்து அவள் காதில் சொன்னேன். நாற்பது நாள் கழித்து அவளிடம் நான் பேசிய பேச்சு அதுதான். "இன்னொரு தடவை என் பேரைச் சொன்னே, உன்னை இங்கேயே விட்டுட்டுப் போயிருவேன்."

என் முகத்தைப் பார்த்தாள். பயந்துவிட்டாள். கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னப் பிள்ளையை வாத்தியார் மிரட்டினால் பொத்துமே, அப்படி.

திரும்பி வந்து பெஞ்சுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அப்போதுதான் வடைப் பெட்டிக் கண்ணாடியில் தெரிந்தாள். நான் முதலில் சொன்னது அதைத்தான். டீ குடித்து முடித்தேன். கோவில்பட்டி பஸ் வந்து நின்றதும் தெரிந்தது. காளிராஜ் ஏதோ பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தான். இன்னொரு டீ சொன்னேன். தாகம் இல்லை தாயி. திரும்பினால் மறுபடி கூப்பிடுவாளோ என்றுதான். அவள் யாரோ, நான் யாரோ என்று இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்றுதான்.

திரும்பியபோது பெஞ்சு காலி.

ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கினேன். கூப்பிட்டேன். என்ன என்று கூப்பிடுவேன்? 'இந்தா! ஏய், இந்தா!' ஐந்தாறு பொம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாருமே அவரவர் வீட்டில் இந்தாதான் போலிருக்கிறது. அப்புறம் காளிராஜ் ஓடி வந்து, "அண்ணே, மதினி பேரு என்ன? டைம் கீப்பர்கிட்ட மைக்குல சொல்லச் சொல்லலாம்" என்றான். சொன்னேன். வாய்க்கு வர ஒரு நொடி ஆனது. மைக்கில் அந்தப் பேரை ஐந்து தடவை, ஆறு தடவை சொன்னார்கள். எனக்கே வேறு யாரையோ தேடுகிற மாதிரி இருந்தது.

என்ன பேரா? சொல்கிறேன், இரு.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தேடினார்கள். அவள் தனியாக இருக்கிற போட்டோ கேட்டார்கள். தனியாக ஒன்றும் இல்லை. எல்லாவற்றிலும் எனக்குப் பின்னால் நிற்கிறாள், இல்லையென்றால் யாருக்கோ பரிமாறிக்கொண்டு குனிந்திருக்கிறாள். தமயந்தி பைத்தியம் பிடித்த மாதிரி ஊர் ஊராகப் போன் போட்டாள். ஆதரவில்லாதவர்களை வைத்துப் பார்க்கிற இல்லங்கள் எங்கெங்கே உண்டோ எல்லாவற்றுக்கும். எல்லாரும் அந்தப் பேரில் யாரும் வரவில்லை என்றார்கள். அதில் ஒரு இல்லத்தில், "இந்த வாரம் வந்தது ஒரே ஒருத்தங்கதான், அவங்க பேரு இந்திரா" என்றிருக்கிறார்கள். சரிங்க என்று வைத்துவிட்டாள்.

பதினேழாம் நாள் காளிராஜ்தான் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான். "அண்ணே, ஆபீசுக்கு ஒரு போன் வந்துச்சு" என்றான்.

அவள் ஏறியது திருச்செந்தூர் பஸ்ஸில். யாரும் டிக்கெட் கேட்டார்களோ, இரக்கப்பட்டு விட்டார்களோ, தெரியாது. கோயில் பக்கம் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவளை அங்கே பூ விற்கிறவர்கள் ஒரு இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள். நல்லபடியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். தலை சீவி, வேறு சேலை கொடுத்து, வேளைக்குச் சோறு போட்டு. காய்ச்சல் வந்திருக்கிறது, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. நாங்கள் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் போய்விட்டாள்.

அங்கே இருந்த சிஸ்டர், வயசானவர், என்னை உட்கார வைத்து நோட்டைக் காட்டினார். 'இந்திரா, வயது சுமார் 65, ஊர் தெரியவில்லை.'

"யாரும்மா இந்திரா?" என்றேன்.

"அவங்கதான்யா சொன்னாங்க. உங்க பேரு என்னம்மான்னு கேட்டோம். 'இந்தா'ன்னாங்க. பல்லு இல்லாததால அப்படி வருதுன்னு நினைச்சு நாங்க இந்திரான்னு எழுதிக்கிட்டோம். கூப்பிட்டா உடனே திரும்புவாங்க."

தமயந்தி என்னைப் பார்த்தாள். "அம்மாவை நீங்க பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாப்பா?" என்று கேட்டாள். சண்டையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புகிறாள்.

சிஸ்டர் சொன்னார், "வீட்டுக்காரர் பேரு தெரிஞ்சா கண்டுபிடிச்சிரலாம்னு தினமும் கேட்டோம்யா. 'உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?' கேட்டதும் இப்படிப் பண்ணுவாங்க." கையைத் தூக்கித் தன் வாயைப் பொத்திக் காட்டினார். "தெரியாம இல்ல. தெரியும். சொல்ல மாட்டாங்க. ஒரு நாள் நான் கெஞ்சிக் கேட்டேன். 'சொன்னா விட்டுட்டுப் போயிருவாரு'ன்னாங்க. யாரு ஐயா அப்படிச் சொன்னது, பாவம், அவங்ககிட்ட?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

ஆமாம். அப்படித்தான் சொன்னேன். பன்னிரண்டு வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. தமயந்தியிடமும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தில் தொலைந்துபோனாள் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். எழுதாதே. இல்லை, எழுது. எழுத இடம் இருந்தால் எழுது.

சொம்பு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்கிறாயா? நானும் கேட்டேன். துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டே தூங்குவாளாம். யாரையும் தொட விட மாட்டாளாம். எழுத்து இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த இல்லத்தில் எல்லாப் பாத்திரமும் யாரோ தானமாகக் கொடுத்தது, எல்லாவற்றிலும் யார் பேரோதான் இருக்கும். அந்த எண்ணத்தில் படிக்கவில்லை. உயிர் போனபிறகு குளிப்பாட்டும்போது கையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் சாத்தூர் என்பது கண்ணில் பட்டிருக்கிறது. ஆபீசுக்குப் போன் போட்டு, 'சாமி என்று முடிகிற பேரில் உங்களிடம் யாராவது உண்டா?' என்று கேட்டிருக்கிறார்கள். வாரியத்தில் சாமிக்குப் பஞ்சமா? கருப்பசாமி, மாடசாமி, முனியசாமி. ஆனால் சம்சாரத்தைத் தொலைத்த சாமி ஒருத்தன்தான் என்று காளிராஜுக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்கு அடுத்த வருஷம் ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வரிசையில் நிற்கிற இடத்தில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'முதுமை மறதி நோய்: இந்த அறிகுறிகள் உங்கள் வீட்டில் உண்டா?' சொன்னதையே சொல்வது. வாங்கியதையே வாங்குவது. பழகின வழி தெரியாமல் போவது. குணம் மாறுவது. வீட்டு மனுஷரை வேற்று மனுஷராக நினைப்பது. ஒவ்வொன்றாகப் படித்தேன். பின்னால் நின்றவர், "பெரியவரே, நகருங்க" என்கிறார். நான் நகரவில்லை. எல்லாம் அவள்தான். என் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

ஆனால் ஒன்று சொல்கிறேன் தாயி, உங்கள் தாளிலும் ஒரு குறை இருக்கிறது. மறதி, மறதி என்று போடுகிறீர்கள். மறதி என்றால் எங்களை மாதிரி ஆட்களுக்குச் சாவியை மறப்பது, கண்ணாடியை மறப்பது. ஒருத்தி மரியாதையை மறந்தால் அதுவும் இந்த நோய்தான் என்று யாரும் போடவில்லை. அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். மேலே போய்ச் சொல்லு. 'உங்கள் வீட்டில் திடீரென்று பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தால் கோபப்படாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள்' என்று போடச் சொல்லு. அப்படி ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால் நான் படித்திருப்பேன்.

படித்திருப்பேனா? தெரியவில்லை. படித்துவிட்டு, 'நம் வீட்டில் இது திமிர்தான்' என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

கடைசிக் கட்டத்தைப் படி. 'குடும்பத்தில் முன்பு யாருக்காவது இருந்ததா, எப்போது முதலில் கவனித்தீர்கள்?' கவனித்தது சித்திரை மாதம், செல்லையா கடையில். கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வெள்ளைப்பூண்டு என்று அவள் சொன்ன அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது, ஏதோ மாறிவிட்டது என்று. மாறினது அவளுக்கு என்று நினைக்கவில்லை. எனக்கு என்று நினைத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். 'சித்திரை' என்று போடு. 'டாக்டரிடம் காட்டியது' என்கிற இடத்தில் 'இல்லை' என்று போடு.

பேர் சீனியம்மாள். சீ-னி-யம்-மாள். சாவுச் சான்றிதழில் இந்திரா என்பதை மாற்றி வாங்க எட்டு மாதம் அலைந்தேன்.

என்னைப் பற்றிய கேள்விகளை நீ அடித்துவிடு. கூட இருந்து சொல்ல ஆள் இல்லை என்று எழுதிவிடு. எனக்கு வந்தால் எனக்குத் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது.

அந்த 'இந்தா' என்கிற சொல்லை நான் இப்போது சொல்வதில்லை தாயி. உன்னிடம் கதைக்காகச் சொன்னதோடு சரி. பால்காரரிடம் பாத்திரத்தை நீட்டினால்கூட 'பிடிங்க' என்றுதான் சொல்வேன். அவருக்கு அது ஏன் என்று தெரியாது.

தண்ணீர் குடித்துவிட்டுப் போ. பிடி. அதே சொம்புதான், நன்றாக விளக்கியிருக்கிறேன். அவள் கை பிடிக்கிற இடத்தில் 'வெள்ளை' தேய்ந்துவிட்டது. 'சாமி, மின்வாரியம், சாத்தூர்' இருக்கிறது.